கழற்றிய கையுறை

ரஸ் மெல்னிக்கின் கைவிரல் முட்டிகள் ஆறிவிட்டன. ஜனவரியில் ஒரு காலை, அவன் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது கார்லீன் அதைக் கவனித்தாள். கல்யாணமான நாளாக அவள் பார்த்த குளிர்காலங்களில் எல்லாம் அந்த முட்டிகள் வீங்கியும் வெடித்தும்தான் இருக்கும். ஒரு சண்டையின் பொருக்கு உதிர்வதற்குள் அடுத்த சண்டை வந்துவிடும். இப்போது அங்கே இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் படர்ந்திருந்தது, பிறந்த குழந்தையின் உள்ளங்கால் மாதிரி. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். அவள் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அந்த வருஷம் சீசன் தொடங்கவே இல்லை. செப்டம்பரிலேயே ஐஸ் ஹாக்கி அணிகளின் முதலாளிகள் எல்லாரும் கூடிப் பேசிக் கதவடைப்பு அறிவித்துவிட்டார்கள். ஆட்டக்காரர்களின் சம்பளத்துக்கு உச்சவரம்பு வேண்டும் என்றார்கள் முதலாளிகள். செத்தாலும் மாட்டோம் என்றது சங்கம். அவர்கள் அணியின் ஊரான, அமெரிக்க எல்லைக்கு வடக்கே உள்ள எட்மன்டன் நகரம் அக்டோபரில் பொறுமையாகக் காத்திருந்தது. நவம்பரில் எரிச்சலானது. டிசம்பரில் இரண்டு பக்கத்தையும் சேர்த்துத் திட்டத் தொடங்கியது. வேகமாகச் சறுக்கத் தெரிந்தவர்களும் கோல் போடத் தெரிந்தவர்களும் சுவீடனுக்கும் ரஷ்யாவுக்கும் விமானம் ஏறினார்கள். ரஸ்ஸை யாரும் கூப்பிடவில்லை. கோல் போடுவதற்காக அவனை எவரும் எப்போதும் கூப்பிட்டதில்லை.

அவன் அணியின் அடியாள். பத்திரிகைகள் அதைக் கொஞ்சம் கௌரவமாக எழுதும். அவன் அடியாள் என்றேதான் சொல்லிக்கொள்வான். எதிரணிக்காரன் நம் நல்ல ஆட்டக்காரனை மட்டையால் வெட்டினாலோ முழங்கையால் முகத்தில் இடித்தாலோ ரஸ் பெஞ்சிலிருந்து இறங்குவான். அந்தப் பக்கத்து அடியாளும் இறங்குவான். அதற்கு ஒரு முறை இருந்தது. "வர்றியா?" என்று ஒருவன் கேட்க வேண்டும். மற்றவன் தலையசைக்க வேண்டும். பிறகு இருவரும் மட்டையைக் கீழே போட்டுக் கையுறைகளை உதறுவார்கள். கையுறை ஐஸில் விழுந்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு நடப்பதற்கு இருவருமே பொறுப்பு. நடுவர்கள்கூட ஒதுங்கி நின்று, ஒருவன் விழுந்த பிறகுதான் நடுவில் புகுவார்கள். கையுறை போட்டிருப்பவனை அடிக்கிறவன் கோழை. விழுந்தவனை அடிக்கிறவன் அதைவிடக் கேவலம்.

"இத்தன வருஷத்துல கையுறை போட்ட ஒருத்தன் மேலயும் என் கை பட்டதில்ல" என்று ரஸ் சொல்வான். பீர் உள்ளே போனால் இரண்டு முறை சொல்வான். சர்ச்சில் முட்டி போடும்போதுகூட அவன் முகத்தில் அவ்வளவு பக்தியை அவள் பார்த்ததில்லை.

சண்டை நடக்கும்போது மற்ற ஆட்டக்காரர்களின் மனைவிகள் கைப்பைக்குள் எதையாவது தேடுவார்கள். கார்லீன் தேடியதில்லை. ரஸ்ஸின் இடது கை முதலில் போகும். எதிரியின் ஜெர்சியைக் கழுத்தடியில் கொத்தாகப் பிடித்து இழுக்கும். பிறகு வலது கை. ஒருமுறை வேறு ஊர் அணியின் ராட்சதன் ஒருவனுடைய கன்னத்தெலும்பு உடைந்தபோது, காய்ந்த சுள்ளி முறிகிற அந்தச் சத்தம் அவள் உட்கார்ந்திருந்த வரிசைவரை கேட்டது. கூட்டம் எழுந்து ஊளையிட்டது. அவளும் எழுந்திருந்தாள். தொண்டை கட்டிப்போகும் அளவுக்குத் தான் கத்தியிருந்ததைக் காரில் போகும்போதுதான் உணர்ந்தாள்.

அடித்துவிட்டு வந்த நாட்களில் அவன் வீட்டில் பூனை மாதிரி இருப்பான். பாத்திரம் கழுவுவான். அவள் தலைமுடியைக் கோதிவிட்டபடியே தூங்கிப்போவான். தன்னைப்போல் கொடுத்துவைத்தவள் யாருமில்லை என்று அவள் நினைத்துக்கொண்டதுண்டு. அவளுடைய அப்பா வீட்டுக்குள்ளேயே அடிக்கிறவர். அவள் கல்யாணம் செய்துகொண்டவனோ ஊரார் முன்னால், சட்டத்துக்கு உட்பட்டு, வெளியிலேயே எல்லாவற்றையும் அடித்துத் தீர்த்துவிட்டு வருகிறவன். அந்த வெளி பூட்டிக் கிடந்தால் என்ன ஆகும் என்று அவள் யோசித்ததில்லை.

கதவடைப்பு அதை யோசிக்க வைத்தது. நவம்பரில் நிலவறையில் அவன் குத்திப் பழகத் தொங்கவிட்டிருந்த மூட்டை கிழிந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் பனி அள்ளும் மண்வெட்டியைத் தேவதாரு மரத்தில் அடித்து இரண்டாக உடைத்தான். கேட்டதற்கு வழுக்கிவிட்டது என்றான். பிறகு ஒருநாள் பெட்ரோல் போடும் இடத்தில் எவனோ அவனை அடையாளம் கண்டு, "என்னங்க கோடீஸ்வரரே, சங்கத்துல பெட்ரோல் ஊத்திக் குடுக்க ஆள் அனுப்பலியா?" என்று கேட்டுவிட்டான். ரஸ் அவன் எதிரே போய் நின்றான். கார்லீன் வண்டிக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ரஸ் தன் கையுறைகளைக் கழற்றித் தரையில் போட்டான். அந்த ஆள் புரியாமல் அவற்றைப் பார்த்தான். அவன் கழற்றவில்லை. ரஸ் காத்திருந்தான். பிறகு குனிந்து தன் கையுறைகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து வண்டியில் ஏறினான்.  வீட்டுக்கு வந்ததும் கராஜ் கதவை உதைத்தான். தகரம் உள்ளே குழிந்தது.

அன்றைக்கு அவளுக்கு ஒரு நிம்மதி வந்தது. எவ்வளவு கொதித்தாலும் அந்த முறை அவனைப் பிடித்து நிறுத்துகிறது. கழற்றாதவனை இவன் தொடமாட்டான்.

பிப்ரவரி நடுவில் சீசனே ரத்து என்று தொலைக்காட்சியில் அறிவித்தார்கள். ரஸ் சத்தத்தைக் குறைத்துவிட்டு அறிவிப்பவர் வாயசைப்பதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்கு முப்பத்து நாலு வயது. முப்பத்தைந்து வயது அடியாளை அடுத்த சீசனில் எவன் எடுப்பான் என்பதை இருவரும் பேசவில்லை.

கர்பி லுண்ட் அன்று மாலையே போன் செய்தான். அவன் அணியின் பின்காப்பாளன், சங்கத்தில் ஆட்டக்காரர்களின் பிரதிநிதியும்கூட. ஊர்க்காரர்கள் கரித்துக்கொட்டுகிறார்கள், நல்ல பெயர் எடுக்க வேண்டும், சனிக்கிழமை மதியம் தீயணைப்புக்காரர்களோடு ஓர் ஆட்டம் வைத்திருக்கிறோம், வசூல் ஏழைகளுக்கான உணவு வங்கிக்கு என்றான்.

"சண்டை கிடையாது, ரஸ். குழந்தைங்க வரும்."

"அப்ப என்னை எதுக்குடா கூப்பிடற?"

"சிரிச்சுக்கிட்டு கையெழுத்துப் போட."

ஊர்ப் பொதுமக்களுக்கான சின்ன ஐஸ் தளம் அது. தகரக் கூரை, மரப் பலகைகள், கொதித்துக் கருகிய காப்பியின் நாற்றம். ரஸ் முதல் பாதி முழுக்கச் சிரித்தான். இரண்டாம் பாதியில் ஓர் இளம் தீயணைப்புக்காரன் அவனைச் சீண்ட ஆரம்பித்தான். மட்டையால் கணுக்காலில் தட்டுவான், முதுகில் குத்துவான், தன் பெஞ்சைப் பார்த்துக் கண்ணடிப்பான். ரஸ் பொறுத்தான். மூன்றாம் முறை அந்தப் பையன் மூலையில், பந்துக்குப் பதிலாக வைத்து ஆடும் ரப்பர் வட்டைத் தேடிக் குனிந்தபோது ரஸ் தோளால் இடித்தான். தடுப்புக் கண்ணாடி முழுக்க அதிர்ந்தது. பையன் எழுந்தபோது உதடு கிழிந்து பல் தெரிந்தது. ரத்தம் ஐஸில் சொட்டிச் சின்னச் சின்னக் குழி பறித்தது.

"வர்றியா?" என்று ரஸ் கேட்டான். அந்தக் கேள்வியில் இருந்த ஆசை ஊர் முழுக்கக் கேட்டிருக்கும்.

பையன் ரத்தத்தைத் துப்பினான். "உனக்குப் பைத்தியமாய்யா? நான் கேஸ் போடுவேன்."

நடுவர் ரஸ்ஸை வெளியேற்றினார். ஒரு குழந்தை அழுதது. இடைவேளைகளில் ஐஸை வழுவழுப்பாக்கும் வண்டியை ஓட்டுகிறவன் வேலியோரம் நின்று மெதுவாகக் கை தட்டினான். அது வெர்ன் ஓல்சன். அணி ஆடும் பெரிய அரங்கத்தில் இருபது வருஷம் இதே வேலை பார்த்தவன். கதவடைத்த வாரத்தில் அரங்கத்துக்காரர்கள் அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது சனி ஞாயிறுகளில் இந்தத் தகரக் கொட்டகையில் ஓட்டுகிறான்.

"ஆக, குழந்தைங்களுக்கு நல்ல ஆட்டம் காட்டின, ராசா" என்றான்.

ரஸ் அவனைத் தாண்டிப் போனான்.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் வெயிலில் கண் கூசியது. மூச்சு விட்டால் மூக்கு மயிர் விறைக்கும் குளிர். ரஸ் தன் ஆட்டச் சாமான் மூட்டையை வண்டியின் பின்னால் எறிந்துவிட்டுத் திரும்பினான். கையுறைகூடப் போடவில்லை. உடம்பிலிருந்து ஆவி பறந்தது. கார்லீன் வண்டியின் மறுபக்கம் கதவுப் பிடியில் கை வைத்திருந்தாள். வெர்ன் ஓல்சன் பின்வாசல் வழியாக வெளியே வந்தான். தடித்த தோல் கையுறைகள், காதை மூடிய தொப்பி. நேராக ரஸ்ஸிடம் வந்தான்.

"ஒண்ணு கேக்கணும்."

"வீட்டுக்குப் போ பெரிசு."

"எந்த வீட்டுக்கு? பேங்க்காரன் எடுத்துக்கப் போறானே, அதுக்கா?" வெர்ன் சிரித்தான். "நீங்க ரெண்டு பணக்காரக் கூட்டம். நீ பெரியவனா நான் பெரியவனான்னு மோதினீங்க. வயித்துல அடி வாங்கினது யாரு? நானு. பாப்கார்ன் விக்கிற மார்ஜி. கக்கூஸ் கழுவுற பொண்ணு. எங்களுக்கு எந்தச் சங்கம் இருக்கு?"

"கதவ மூடினது நாங்க இல்ல. முதலாளிய போய்க் கேளு."

"அவன் எங்க இருக்கான்னு எனக்கென்ன தெரியும்? உன்னத்தான் தெரியும்." வெர்ன் இன்னும் ஓரடி வந்தான். "உன் ரத்தத்த இருபது தடவ ஐஸ்லேர்ந்து சுரண்டியிருக்கேன்டா நான். எதுத்தவன் பல்ல பொறுக்கியிருக்கேன். ஒரு நாள், என்ன வெர்ன், எப்படி இருக்கன்னு போன் போட்டியா?"

"தள்ளிப் போ."

"இல்லன்னா என்ன பண்ணுவ? ஒரு சின்னப் பையன் உதட்டக் கிழிச்ச. பெரிய வீரன். உன்ன இனிமே எவன்டா கூப்பிடப் போறான், பெஞ்சு தொடைக்கவா?"

அந்தக் கடைசி வார்த்தை போய்த் தைத்ததை அவள் பார்த்தாள். ரஸ்ஸின் தாடை அசைவதை நிறுத்தியது. அவளுக்குள்ளும் ஏதோ ஒன்று எழுந்து நின்றது. தெரிந்த சுகம். அரங்கத்தில் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும் அந்தக் கணம் வயிற்றுக்குள் இனிப்பாக இறங்குவதை அவள் உணர்ந்தாள். இத்தனை மாதம் பட்டினி கிடந்தது அவன் மட்டும் இல்லை.

வெர்னும் தான் சொன்னது அதிகம் என்று உணர்ந்திருக்க வேண்டும். அவன் தோள்கள் தளர்ந்தன. தலையை ஆட்டிக்கொண்டான். "சரி விடு" என்பது போல ஏதோ முணுமுணுத்தான். பிறகு வலது கையுறையைப் பல்லால் கடித்து இழுத்தான். இடது கையுறையையும் உருவினான். இரண்டையும் அக்குளில் இடுக்கப் பார்த்தான். தடித்த கோட்டுக்கு அவை நிற்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகப் பனிக்கட்டித் தரையில் விழுந்தன. அவன் வெறும் கை கோட்டின் மார்புப் பக்கம் போயிற்று. வண்டியின் மறுபக்கம் நின்ற கார்லீனுக்கு, உள்பையிலிருந்து சிகரெட் பெட்டியின் வெள்ளை மூலை எட்டிப் பார்ப்பது தெரிந்தது.

ரஸ்ஸின் கண்கள் கீழே, கையுறைகளின் மேல் இருந்தன.

கத்துவதற்கு நேரம் இருந்தது. இடது கை போவதை அவள் பார்த்தாள். அது கோட்டின் கழுத்தைக் கொத்தாகப் பிடித்தது. இழுத்தது. அதற்குப் பிறகும்கூட ஒரு பெயரைக் கூப்பிடும் அளவுக்கு நேரம் இருந்தது.

முதல் குத்தில் தொப்பி பறந்தது. இரண்டாவதில் வெர்னின் மூக்கு முகத்தோடு தட்டையானது. மூன்றாவதுக்கு அவன் நின்றுகொண்டிருக்கவில்லை. ரஸ்ஸின் இடது கைதான் அவனைத் தூக்கிப் பிடித்திருந்தது. சிகரெட்டுகள் சிதறின. நான்காவதோடு ரஸ் பிடியை விட்டான். வெர்ன் கையை ஊன்றாமல், மரம் சாய்வதுபோல் பின்னால் சாய்ந்தான். பின்மண்டை பனிக்கட்டியில் மோதிய சத்தம் கன்னத்தெலும்பு முறிந்த சத்தத்தைப் போல இல்லை. அது ஈரமாக இருந்தது.

ரஸ் உடனே நிறுத்தினான். விழுந்தவனை அடிக்கக் கூடாது. ஓரடி பின்வாங்கி, கைகளைத் தொங்கவிட்டு, தலையை லேசாகக் குனிந்து நின்றான். நடுவர் வந்து தோளில் கை வைப்பதற்காக அவன் காத்திருக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. யாரும் வரவில்லை. வெர்னின் காதிலிருந்து ரத்தம் வழிந்து பனியில் ஆவி கிளப்பியது. அவன் ஒரு கால் மட்டும் தனியாக உதைத்துக்கொண்டிருந்தது.

போலீஸ் ரஸ்ஸை அழைத்துக்கொண்டு போய், மறுநாள் ஜாமீன் நிபந்தனைகளோடு வீட்டுக்கு விட்டது. வெர்னுக்கு மண்டையைத் திறந்து அறுவை செய்திருந்தார்கள். அவன் கண் விழிக்கவில்லை. விழிப்பானா என்று மருத்துவர்கள் சொல்லவும் இல்லை. பக்கத்தில் இருந்து முழுவதையும் பார்த்தது கார்லீன் ஒருத்திதான். திங்கட்கிழமை காலை அவள் ஸ்டேஷனுக்கு வந்து வாக்குமூலம் தர வேண்டும் என்றார்கள்.

திங்கட்கிழமை கர்பி காப்பியும் டோனட்டும் வாங்கிக்கொண்டு விடிந்ததுமே வந்தான். ரஸ் குளித்துக்கொண்டிருந்தான். கர்பி குரலைத் தாழ்த்தினான்.

"நான் ஒரு பொய்கூடச் சொல்லச் சொல்லல கார்லீன். கையுறை விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"அவ்வளவுதான். அதச் சொல்லு. அந்தாளு வந்தான், வாய்க்கு வந்தபடி பேசினான், கையுறையக் கழட்டினான். மூணுமே நெசம். ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டுப் போட்ட சண்டைன்னு வக்கீல் நிறுத்துவாரு."

"அப்புறம் சிகரெட்?"

கர்பி டோனட்டின் சர்க்கரையை விரலால் தட்டினான். "என்ன சிகரெட்?"

"கீழ கிடந்துச்சே."

"சட்டைப் பையில வச்சிருப்பான். விழுறப்ப சிந்தியிருக்கும். போலீஸ்காரன் அப்படித்தான் எழுதி வச்சிருக்கான். அங்க காமெரா இல்ல." அவன் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தான். "பாரு, தண்டனை வாங்கினவன அமெரிக்காக்காரன் எல்லையத் தாண்ட விட மாட்டான். பாதி ஆட்டம் அங்கதான். ரஸ் கதை முடிஞ்சுது. அவனுக்கு வேற என்ன தெரியும், சொல்லு. கேட்டதுக்குப் பதில் சொல்லு. கேக்காததச் சொல்லாத."

"நீ எங்க இருந்த கர்பி?"

"நான் ஷவர்ல இருந்தேன். நான் எதையும் பாக்கல." கொஞ்சம் கழித்து, "குடுத்துவச்சவன் நான்" என்றான்.

அவன் போன பிறகு ரஸ் வந்து காப்பிக் கோப்பைகளையும் தட்டுகளையும் அள்ளித் தொட்டியில் போட்டுக் கழுவத் தொடங்கினான். முட்டிகள் மறுபடி வீங்கியிருந்தன. அவன் மெல்ல ஏதோ முனகினான், ஒரு பாட்டின் வால் மாதிரி. சனிக்கிழமையிலிருந்து அவன் நன்றாகத் தூங்குகிறான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. நேற்று அவள் தலைமுடியைக் கோதினான். பூனை வீட்டுக்குத் திரும்பிவிட்டது.

"வெர்ன் கண்ணு முழிச்சதும் போய்ப் பாத்துட்டு வரலாம்" என்றான் ரஸ், தண்ணீரைப் பார்த்தபடி. "பழைய ஆளு. அவருக்குத் தெரியும். நல்ல சண்டைடா ரஸ்ஸுன்னு அவரே சொல்லுவாரு பாரு. அவருதானே மொதல்ல கழட்டினது."

நடிப்பு இல்லை. அவன் கண்ணில் கள்ளம் இல்லை. அதுதான் அவளைப் பேச வைத்தது. அவன் பொய் சொல்லியிருந்தால் அவளும் அந்தப் பொய்யில் ஒரு பங்கு எடுத்துக்கொண்டு அவனோடு வாழ்ந்திருப்பாள். இது அவன் நிம்மதி. வெர்னின் மண்டையோட்டின் மேல் தலை வைத்துத் தூங்குகிற நிம்மதி. அவளும் பக்கத்தில் படுத்துக்கொண்டு அந்த மூச்சைக் கேட்க வேண்டும், சாகிறவரைக்கும்.

"அவரு சிகரெட் எடுக்கக் கழட்டினாரு, ரஸ்."

தட்டு அவன் கையில் நின்றது.

"என்ன?"

"உள்பையில கை விட்டாரு. நான் பாத்தேன். அந்தக் கையுறையோட பெட்டியத் தொறக்க முடியாது. அக்குள்ல வச்சாரு, அது விழுந்துடுச்சு. அவரு சண்டைக்கு வரல."

"இல்ல."

"ரஸ்..."

"இல்லன்னு சொல்றேன்ல." அவன் திரும்பினான். தட்டு தரையில் போய்ச் சிதறியது. "ரெண்டையும் போட்டான். என் கண்ணு முன்னாடி போட்டான். அதுக்கு முன்னாடி என்னென்ன பேசினான் கேட்ட இல்ல? அப்புறம் கழட்டினான். அதுக்கு என்ன அர்த்தம்? சொல்லுடி, அதுக்கு என்ன அர்த்தம்?"

"ஐஸ் மேல அதுக்கு ஒரு அர்த்தம். கார் நிக்கிற எடத்துல கை குளிருதுன்னு அர்த்தம், சாவி எடுக்கணும்னு அர்த்தம், எது வேணா..."

அவள் முடிக்கவில்லை. இடது கை வந்துவிட்டது. அவளுடைய ஸ்வெட்டர் கழுத்தடியில் கொத்தாக இறுகியது. பாதங்கள் தரையில் வழுக்கின. முதுகு அலமாரியில் மோதியது. உள்ளே கண்ணாடிக் குவளைகள் குலுங்கின. கம்பளி நூல் கழுத்தை அறுத்தது. வலது கை தோளுக்குப் பின்னால் போய் நின்றது.

எத்தனையோ தடவை வரிசையில் உட்கார்ந்து இதைப் பார்த்திருக்கிறாள். இந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பது இதுதான் முதல்முறை. அவள் எதிர்பார்த்த கோபம் அந்த முகத்தில் இல்லை. அவன் அவளைப் பார்க்கவே இல்லை. தாடை எங்கே முடிகிறது, எங்கே குத்தினால் விழும் என்று, ஆணி அடிக்கப்போகிறவன் சுவரைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். அந்த ராட்சதனும், மற்ற எல்லாரும், கடைசியாகப் பார்த்தது இந்த வெறுமையைத்தான். வெர்னும் இதைத்தான் பார்த்திருப்பான், கையில் சிகரெட் பெட்டியோடு. அவள் அப்பாவின் முகத்திலாவது வெறுப்பு இருந்தது.

"நான் உன்கூடச் சண்டைக்கு வரல, ரஸ்" என்றாள். குரல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

கை வந்தது. அவள் கண்களை மூடவில்லை. அது காதை உரசிக்கொண்டு போய் அலமாரிக் கதவில் இறங்கியது. பலகை பிளந்தது. மறுபடியும். மறுபடியும். மரச் சிம்புகள் அவள் கன்னத்தில் தெறித்தன. குவளைகள் உடைந்து தோளில் கொட்டின. அவன் இடது கை அவளை விடவே இல்லை. அவளைப் பிடித்துக்கொண்டே அவளுக்குப் பக்கத்தில் அடித்துக்கொண்டிருந்தான். ஒரு குத்தில் அவன் கையில் ஏதோ முறிந்தது. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரிந்த சத்தம்.

பிறகு பிடி தளர்ந்தது. அவன் தரையில், உடைசல்களின் மேலேயே உட்கார்ந்தான். கோணிப்போன வலது கையை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தான்.

"சண்டைக்குக் கழட்டாதவன அடிச்சேனா நான்?"

அவள் தோளில் கிடந்த கண்ணாடித் துண்டுகளைத் தட்டிவிட்டாள்.

"நீ பாத்த இல்ல?" அவன் நிமிர்ந்தான். இப்போதுதான் அவளைப் பார்த்தான். "சிகரெட்ட நீ பாத்த. நான் கையுறையப் பாத்தேன். நீதான் பாத்தியே. அப்ப ஏன் கத்தல?"

அவள் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்து முகவரி சொன்னாள். கோட்டை மாட்டிக்கொண்டாள். பூட்ஸின் கயிற்றைக் கட்டாமலே போய் வண்டியில் ஏறினாள். ஆற்றுப் பாலத்துச் சிக்னலில் நின்றபோது பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். பச்சை விளக்கு விழுந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

ஸ்டேஷனில் லவாலி என்ற போலீஸ்காரி அவளை ஒரு சின்ன அறைக்குள் அழைத்துப் போனாள். கார்லீன் வயதுதான் இருக்கும். கார்லீனின் கழுத்தில் கம்பளி அறுத்த சிவப்புத் தடத்தையும் கன்னத்துக் கீறலையும் பார்த்தாள்.  தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"மெதுவாச் சொல்லுங்க, மிசஸ் மெல்னிக். ஓல்சன் கையுறையக் கழட்டினாரா?"

"கழட்டினாரு."

"சண்டைக்கா?"

இங்கேதான் நிறுத்தலாம் என்று அவளுக்குத் தெரிந்தது. எனக்குத் தெரியாது என்று சொன்னால் போதும். அவன் மறுபடி பெஞ்சில் உட்காரலாம். அந்தப் பெரிய அரங்கத்தில் விளக்குகள் எரியலாம். அவள் தன் வரிசையில் போய் உட்காரலாம்.

"சிகரெட் எடுக்க" என்றாள். "பெட்டி வெளிய வர்றத நான் பாத்தேன். அவரு கைய ஓங்கவே இல்ல. சரி விடுன்னு சொன்னாரு. எனக்கு அப்படித்தான் கேட்டுச்சு."

லவாலி எழுதினாள். "உங்க வீட்டுக்காரர் அதப் பாத்தாரா?"

"அவரு பாக்கல. அவருக்கு அது சண்டைதான். சத்தியமா அப்படித்தான் நினைச்சாரு. இன்னைக்குக் காலைல நான் சொல்ற வரைக்கும்." கழுத்தில் கம்பளி இறுகிய இடம் எரிந்தது. "அதையும் எழுதுங்க. அவரு பொய் சொல்லல."

"எழுதிட்டேன். வீட்டுல என்ன நடந்துச்சுன்னும் கேக்கணும். அதுக்கு முன்னாடி, அன்னைக்கு நடந்ததப் பத்தி வேற ஏதாவது இருக்கா?"

சனிக்கிழமையைப் பற்றி இதற்கு மேல் யாரும் கேட்கப் போவதில்லை. கார்லீன் தண்ணீர்க் குவளையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"நான் கத்தியிருக்கலாம். நேரம் இருந்துச்சு."

லவாலி இதமாகத் தலையசைத்தாள். "அந்த மாதிரி நேரத்துல யாருக்குமே குரல் வராது. பயம்."

"பயம் இல்ல" என்றாள் கார்லீன். "எனக்குப் பாக்கணும்னு இருந்துச்சு."

போலீஸ்காரியின் பேனா காகிதத்தின் மேலேயே நின்றது. கார்லீன் அது எழுதத் தொடங்கும்வரை காத்திருந்தாள்.